ஒரு தலை முன்னால்

போன வாரம் என் பையனை எல்.கே.ஜி.யில் சேர்ப்பதற்காக ஒரு பள்ளிக்கூடத்தில் விண்ணப்பத் தாள் வாங்கி வந்தேன். தாளோடு வழவழவென்று ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தார்கள். அட்டையில் கொழுகொழு குழந்தை ஒன்று. அதன் கீழே, உங்கள் செல்வத்துக்கு ஒரு 'ஹெட் ஸ்டார்ட்' கொடுங்கள் என்று கொட்டை எழுத்தில் இங்கிலீஷ் உபதேசம்.

அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தாள்.

"இது என்னடீ, தலையை ஆரம்பிக்கிறது?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் வெட்கமும் வந்தது. காரணம் இருக்கிறது. பதினேழு வருஷத்துக்கு முன்பு, காலேஜில் சேர்ந்த முதல் வாரத்தில், "கான்வென்டில் படித்து வந்தவர்களுக்கு ஹெட் ஸ்டார்ட் உண்டு. மற்றவர்கள் ஓடித்தான் பிடிக்க வேண்டும்" என்று பேராசிரியை சொன்னார். பன்னிரண்டு வருஷம் தமிழிலேயே படித்துவிட்டுப் போயிருந்த நான், நோட்டில் 'தலை ஆரம்பம்' என்று எழுதி, அதற்கு அடிக்கோடும் போட்டேன். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. முந்திக்கொள்வதற்கு இந்த இங்கிலீஷ்காரர்கள் எத்தனை வார்த்தைகள் வைத்திருக்கிறார்கள் என்று சேர்த்துக்கொண்டே வருகிறேன்.

பாதிக்கு மேல் குதிரை லாயத்து வாசனை! ஹெட் ஸ்டார்ட் என்பதே பந்தய மைதானத்துச் சொல்தான். ஒரு குதிரைத் தலை நீளத்துக்கு முன்னால் நிற்பது. 'போல் பொசிஷன்' என்று மோட்டார் பந்தயத்தில் சொல்கிறார்களே, அதுவும் முதலில் குதிரைக்கு உரியது. உள்பக்கத்துக் கம்பத்தை ஒட்டி நிற்கும் இடம் அது. 'விப் ஹாண்ட்' என்றால் சாட்டை பிடித்த கை. அது யாரிடம் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் சட்டம். குதிரை இல்லாத இடத்தில் சேனை இருக்கும். 'ஸ்டீல் எ மார்ச்' என்பது, எதிரி தூங்கும்போது இரவோடு இரவாக ஒரு நாள் நடையை முடித்துவிடுவது. நடையைத் திருடுகிறார்களாம்!

வெள்ளிக் கரண்டி வாயில் வைத்துப் பிறந்தவன் என்கிறார்கள். ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்கு வெள்ளிக் கரண்டி பரிசு கொடுப்பது அந்த ஊர்ப் பணக்கார வீடுகளின் வழக்கம். இவனுக்கு மட்டும் பிறக்கும்போதே கரண்டி கிடைத்துவிட்டது என்று பொருள். நாம் அப்பேர்ப்பட்டவரைப் 'கொடுத்து வைத்தவர்' என்கிறோம். போன ஜன்மத்தில் கொடுத்து வைத்ததை இப்போது வட்டியோடு வாங்கிக்கொள்கிறாராம். கரண்டியையாவது கண்ணால் பார்க்கலாம். இந்தக் கணக்கின் பாஸ் புத்தகத்தை யார் பார்த்தார்கள்?

அரைவை மில் வரிசைகூட அவர்கள் இலக்கியத்தில் இருக்கிறது. முதலில் வந்தவருக்கே முதல் உரிமை என்பதற்குப் பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாஸர் மாவு மில்லைத்தான் உவமை காட்டினார். அதையும் ஒரு வாயாடிப் பெண்ணைவிட்டுச் சொல்ல வைத்தார். தூக்குவாளியோடு மில்லில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு அவளை உடனே பிடித்துப்போகும்.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது 'ஹாண்டிகாப்'. தொப்பிக்குள் கை என்பதுதான் அதன் மூலம். இரண்டு பேர் சாமான்களை மாற்றிக்கொள்ளும் பழைய விளையாட்டு ஒன்று உண்டு. எது எவ்வளவு உசத்தி, மேற்கொண்டு எவ்வளவு தரவேண்டும் என்று நடுவர் சொல்வார். இருவரும் தொப்பிக்குள் கையை விட்டு எடுத்துச் சம்மதத்தையோ மறுப்பையோ காட்டுவார்கள். இது குதிரைப் பந்தயத்துக்குப் போனபோது, நடுவரின் வேலை எடை போடுவதாயிற்று. எந்தக் குதிரை கெட்டிக்காரக் குதிரையோ அதன் முதுகில் கூடுதல் சுமை. அதாவது, சுமை பலசாலிக்கு! பின்னால் எப்படியோ சொல் தலைகீழாகி, சுமையோடு பிறந்தவர்கள்மேல் ஒட்டிக்கொண்டது.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "நியாயமான ஊராகத்தான் இருந்திருக்கிறது, குதிரைகளுக்கு" என்றாள்.

முன்னால் நிற்பதெல்லாம் சலுகையும் அல்ல. டெலிவிஷனில் ஒலிம்பிக் 400 மீட்டர் ஓட்டம் பார்த்திருப்பீர்கள். எட்டாவது தடத்துக்காரி, முதல் தடத்துக்காரிக்கு 53 மீட்டர் முன்னால் நிற்பாள். என்ன அக்கிரமம் என்று தோன்றும். வெளிவட்டம் பெரியது. அவளை அங்கே நிறுத்தினால்தான் இருவருக்கும் ஒரே தூரம். அமெரிக்காவில் ஜனாதிபதி ஜான்சன் காலத்தில், 1965ல், ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு திட்டம் தொடங்கினார்கள். பள்ளிக்கூடம் போகுமுன்பே பாடம், சாப்பாடு, வைத்திய உதவி. அந்த முதல் கோடை விடுமுறையிலேயே ஐந்து லட்சம் குழந்தைகளுக்கு மேல் சேர்ந்தார்கள். திட்டத்தின் பெயர்? 'ஹெட் ஸ்டார்ட்'தான். என் மேஜைமேல் கிடந்த வழவழப்புப் புத்தகத்தில் அதே வார்த்தை. கட்டண விவரம் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்.

அக்கா பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள். "இன்னும் என்னென்ன வைத்திருக்கிறாய்?" என்றாள்.

"லெக் அப்" என்றேன். உயரமான குதிரைமேல் தானாக ஏற முடியாதவனுக்கு, கீழே ஒருவன் குனிந்து இரண்டு கைகளையும் கோத்துக் கொடுப்பான். அதில் காலை வைத்து அவன் ஏறிவிடுவான். முன்னுக்கு வர ஒருவர் செய்யும் உதவிக்கு இதுதான் பெயர்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்பா தவறிப்போன வருஷம் அக்கா பி.காம். இரண்டாம் ஆண்டில் இருந்தாள். கணக்கில் அவள்தான் வகுப்பில் முதல். அடுத்த ஜூன் மாதம் நான் காலேஜ் போக வேண்டும். வீட்டில் ஒரு கட்டணத்துக்குத்தான் பணம். யாரும் உட்கார்ந்து பேசித் தீர்மானித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள், அவ்வளவுதான். நான் நோட்டில் எழுதிய அந்த அசட்டு மொழிபெயர்ப்பு இருக்கிறதே, அந்த நோட்டு அவளுடையது. அவள் எழுதாமல் விட்ட பக்கங்களில்தான் நான் எழுதினேன்.

"பூட்ஸ் காலோடவா மிதிப்பான்?" என்றாள் அக்கா.

"ஆமாம்."

"கை எரியுமே" என்றாள். அடுத்த பீன்ஸை எடுத்து நார் உரித்தாள்.

நான் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தேன். தாயார் படிப்பு, தகப்பனார் படிப்பு, இருவரின் உத்தியோகம், வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். நான் ஆபீஸ் போனபின் பையனுக்குச் சோறு ஊட்டி, எண் சொல்லிக் கொடுத்துத் தூங்க வைப்பவளுக்கு அதில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன்.

"என்றைக்குக் கொடுக்க வேண்டும்?" என்றாள் அக்கா.

"சனிக்கிழமை. ஒன்பது மணிக்குத் திறப்பார்கள்."

"அப்படியானால் ஆறரைக்கே போய் நின்றுவிடலாம். உன் மில் பொம்பளை சொன்ன மாதிரி. நீ தூங்கு, முதலில் நான் போய் இடம் போடுகிறேன்."