பட்டன் போனுக்குப் பாட்டு

செவ்வாய்

அத்தையின் பட்டன் போன் பாட மாட்டேன் என்கிறது. சிங்கப்பூர் மச்சான் ஊருக்கு வந்திருந்தபோது, தன் பழைய லேப்டாப்பில் கிடந்த பக்திப் பாட்டையெல்லாம் ஒரு கார்டில் அள்ளிப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நாலு பாட்டைப் பாடிவிட்டு மற்றதற்கெல்லாம் போன் கையை விரித்துவிட்டது.

"கடையில குடுத்தா இருக்கதையும் அழிச்சுப்புட்டுப் புதுப்படப் பாட்டா ஏத்தி விட்ருவாய்ங்க. நீயே பாருய்யா" என்று கார்டைக் கழற்றி, விபூதி மடித்த தாளிலேயே மடித்துக் கொடுத்தாள்.

வீட்டில் திறந்து பார்த்தால் வகைக்குக் கொஞ்சமாகக் கிடக்கிறது. சிடியிலிருந்து எப்போதோ கம்ப்யூட்டரில் இறக்கியவை டபிள்யூஎம்ஏ. ஐபோன் வழியாக வந்தவை எம்4ஏ. யாரோ இசைப் பைத்தியம் கொடுத்த ஃப்ளாக் கொஞ்சம். நடுவில் நாலே நாலு எம்பி3; பாடியது அவைதான். ஆட்கள் எல்லாம் தெரிந்தவர்கள்: இதே மதுரையில் பிறந்த டி.எம்.எஸ்., மதுரை சோமு, மதுரை சேதுராமன் – பொன்னுச்சாமி சகோதரர்களின் நாகசுரம், கூடவே சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம்.

புதன்

பக்கத்து வீட்டுப் பையன் இந்தக் கார்டுக்கு ஏற்கெனவே ஒரு வைத்தியம் பார்த்திருக்கிறான். சில கோப்புகளின் பெயரில் டபிள்யூஎம்ஏ என்பதை அழித்துவிட்டு எம்பி3 என்று எழுதிவைத்திருக்கிறான். சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா? உள்ளே ஒலியை அடுக்கியிருக்கும் முறை வேறு. அதைப் பிரித்துப் படிக்கிற வேலையைப் போனின் சிப்புக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் போனுக்குச் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் எம்பி3-யோடு நின்றுவிடும். ஆகவே முழுசாகப் பிரித்து, எம்பி3-யாக மறுபடி அடுக்கித்தான் ஆக வேண்டும்.

இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று இணையத்தில் எத்தனையோ தளங்கள். பக்கத்துக்கு நாலு பச்சைப் பொத்தான். அதில் மூன்று விளம்பரம். அந்த வம்பே வேண்டாம் என்று எஃப்எஃப்எம்பெக் பக்கம் போனேன். 2000-ல் பிரான்ஸின் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிவைத்த இலவச மென்பொருள். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஒரு ஃபோல்டரையே மாற்றி முடித்துவிடும். கறுப்புத் திரை பயம் உள்ளவர்களுக்கு விஎல்சி, ஆடாசிட்டி எல்லாம் இருக்கின்றன.

எவ்வளவு சுருக்குவது என்பதுதான் யோசிக்க வேண்டிய இடம். சிடியில் ஒரு நொடிக்கு 44,100 தடவை, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக, 16 பிட்டில் ஒலியை அளந்து வைத்திருக்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 1,411 கிலோபிட். மூன்றரை நிமிடப் பாட்டு 37 எம்பி வந்துவிடும். அதையே 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் மூன்று எம்பியும் கொஞ்சமும். 8 ஜிபி கார்டில் அப்படிக் கிட்டத்தட்ட 139 மணி நேரம் அடங்கும்.

டி.எம்.எஸ். ஐம்பதுகளில், அறுபதுகளில் பாடிய ரெக்கார்டுகள் பெரும்பாலும் மோனோ. அத்தை போனிலும் ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, முதுகில், ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னதாக. இரண்டு பக்கம் பிரித்துக் கொடுத்து யாருக்கு லாபம்? மோனோ, 64 கிலோபிட். அதுவும் ஒரே சீரான வேகத்தில். இடத்துக்கு இடம் கூட்டிக் குறைக்கும் விபிஆர் முறை கெட்டிக்காரத்தனமானதுதான், ஆனால் மலிவு போன்கள் பல அதில் பாட்டின் நீளத்தையே தப்பாகக் காட்டும்.

வெள்ளி

நாகசுரத்தில் வந்து இடித்தது. குரல் பாட்டெல்லாம் 64-ல் சுகமாக இருக்கிறது. சேதுராமன் – பொன்னுச்சாமியை அதே அளவில் போட்டு ஹெட்போனில் கேட்டால் தவில் நொறுங்குகிறது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒன்று ஓடிவருகிறது. அடி விழுவதற்கு முன்பே சத்தம்!

காரணம் எம்பி3 வேலை செய்கிற விதத்தில் இருக்கிறது. தவில் வெளுத்து வாங்கும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாதல்லவா, அந்தக் கேட்காத பகுதியைத் துல்லியமாகச் சேமிப்பானேன் என்பதுதான் எம்பி3-யின் அடிப்படை. ஒலியை 1,152 அளவுகள் கொண்ட துண்டுகளாக, அதாவது சிடி வேகத்தில் 26 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி, மிச்சம் பிடிக்க முடிந்த இடத்தில் பிடிக்கிறது. அப்படிப் பிடிப்பதால் வரும் பிசிறு துண்டு முழுக்கப் பரவும். துண்டின் நடுவில் தவிலடி விழுந்தால், அடிக்கு முன்னால் இருக்கும் அமைதியிலும் பிசிறு உட்கார்ந்துகொள்ளும். இதைச் சமாளிக்கத் துண்டைச் சிறிதாக்கும் வித்தையும் உள்ளே உண்டு. 64-ல் அதற்குக் கை போதவில்லை.

எம்பி3-ஐ உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் ஃப்ரவுன்ஹோஃபர் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். சூசன் வேகா வாத்தியமே இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டித்தான் தன் முறையைச் சீர் செய்தார். எம்பி3 என்ற வால் பெயரை அவர்கள் முடிவு செய்தது 1995 ஜூலை 14-ம் தேதி. உரிமக் கட்டணம் வாங்குவதை 2017 ஏப்ரலில் நிறுத்திக்கொண்டார்கள். சோதனைக்கு ஒரு தவில் தனி ஆவர்த்தனமும் போயிருந்தால் அவர்கள் பாடு இன்னும் திண்டாட்டமாகியிருக்கும்.

நாகசுரத்துக்கு மட்டும் மோனோ 128 கொடுத்துவிட்டேன். தவில் நிமிர்ந்துகொண்டது.

ஃப்ளாக்கில் இருந்த பாட்டுகளுக்கு இதில் ஒரு கொடுப்பினை. 2001-ல் வந்த அந்த வடிவம் ஒலியை ஒரு பொட்டுகூட எறியாமல் சுருக்குவது. அதிலிருந்து எம்பி3 எடுத்தால் சேதாரம் ஒரு தடவைதான். டபிள்யூஎம்ஏ ஏற்கெனவே ஒரு தடவை இழந்தது, எம்பி3 ஆகும்போது இன்னொரு தடவை இழக்கிறது. எறிந்ததைத் திரும்பப் பொறுக்க வழியில்லை. 128-ல் கிடந்ததை 320 ஆக்கி ‘ஹெச்டி குவாலிட்டி’ என்று பரப்புகிறார்களே, அதில் பெருப்பது கோப்பு மட்டும்தான். சுத்த ஏமாற்று.

ஞாயிறு

பாட்டை மாற்றியதைவிடப் பெயர் வைத்ததில்தான் நேரம் போனது. தமிழில் இருந்த பெயர்களையெல்லாம் போன் கட்டம் கட்டமாகக் காட்டுகிறது. இங்கிலீஷ் எழுத்தில், சுருக்கமாக, முன்னால் 01, 02 என்று எண் போட்டேன். அதுவும் போதாது. இந்த மாதிரிப் போன் பல எண்ணைப் பார்ப்பதில்லை, கார்டில் எது முதலில் ஏறியதோ அதைத்தான் முதலில் பாடும். கவசம் முதலில் வர வேண்டுமென்றால் கவசத்தை முதலில் ஏற்ற வேண்டும். கார்டைச் சுத்தமாக அழித்து, ஃபேட்32-வில் ஃபார்மேட் போட்டு, வரிசையாக ஒவ்வொன்றாக ஏற்றினேன்.

பெரியார் பஸ் நிலையம், மீனாட்சி பஜார் பக்கம் ‘பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று அட்டை தொங்கிய காலம் ஞாபகம் வந்தது. கடைக்குள் நுழைந்ததும் பையன் கேட்கிற முதல் கேள்வி, "என்ன பாட்டுண்ணே?" இல்லை, "என்ன போனுண்ணே?" நோக்கியா என்றால் வீடியோவைக் கையகல 3ஜிபி ஆக்குவான், சைனா செட் என்றால் வேறொன்று. அடுக்கி வைத்திருந்ததெல்லாம் திருட்டுப் பாட்டுதான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் எந்தப் போனுக்கு எது இறங்கும் என்று அந்தப் பையன்களுக்கு இருந்த அறிவு, 4ஜி வந்து பாட்டெல்லாம் ஆப்புக்குள் போனதும் கேட்பாரில்லாமல் போய்விட்டது.

திங்கள்

கார்டைப் போட்டுக் கொடுத்தேன். கவசம் பாடியது. அத்தை தன் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். பிறகு, "சோமுவ முன்னாடி போடு. டி.எம்.எஸ்ஸு கொஞ்சம் இருக்கட்டும்" என்றாள். முழுக் கார்டையும் மறுபடி அழித்து ஏற்ற வேண்டும் என்று சொன்னதற்கு, "ஏத்து, ஒனக்கென்ன வேலை" என்று பதில்.

பங்குனித் தேருக்கு மறுநாள்

திருக்கல்யாணத்துக்கு மீனாட்சியும் சொக்கரும் மதுரையிலிருந்து திருப்பரங்குன்றத்துக்கு வந்து சேர்ந்த அன்று, கிரிவலப் பாதையில் நீர்மோர்ப் பந்தல் போட்டவர்கள் அத்தையின் கார்டை இரவல் வாங்கிப் போய் ஆம்ப்ளிஃபையரில் செருகிவிட்டார்கள். கையடக்க ஸ்பீக்கரில் குறையே தெரியாத டி.எம்.எஸ். அங்கே கிணற்றுக்குள்ளிருந்து பாடினார். மைக் செட் அண்ணனிடம் சொன்னேன், "இது பட்டன் போனுக்குன்னு சுருக்குனதுண்ணே. நாளைக்கு வேற தர்றேன்."

ராத்திரியே உட்கார்ந்து, ஃப்ளாக் இருந்த பாட்டுகளை மட்டும் எடுத்து 320-ல் இன்னொரு பென்டிரைவ் தயார் செய்தேன். தவிலடிக்கு முன்னால் ஒரு பிசிறு இல்லை. தேரன்று காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் பயபக்தியோடு வாங்கிச் செருகினார். செருகிவிட்டு, வந்த சத்தத்தை மின்கம்பத்தில் கட்டியிருந்த ஒரு பழைய குழாய் ஸ்பீக்கருக்குத் திருப்பிவிட்டார்.

"எப்புடி? ரயில்வே கேட் வரைக்கும் கேக்கும்" என்றார்.