இத்தா வீட்டுக்குப் போன சிரிப்பு



எங்கள் உம்மம்மா மவுத்தாகி இந்த வாரத்தோடு ஒரு வருஷம். புல்மோட்டையில் அவவைத் தெரிந்தவர்களுக்குப் பெயரை விட அவவின் சிரிப்புத்தான் முதலில் ஞாபகம் வரும். படலைக்கு வெளியிலேயே சிரிப்புக் கேட்கும், ஆள் பிறகுதான் வருவா. பேரப்பிள்ளைகள் நாங்கள் பதினொரு பேர். ஒருவரையும் ஒழுங்கான பெயரால் கூப்பிட்டதில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பேரன் "டொக்டர்". படிக்காமல் திரிகிறவன் "பெரிய டொக்டர்".

நொடி போடுவதில் அவவை வெல்ல ஆளில்லை. பாதி நொடி அவவே கட்டினது.

"ஊர்ல கிடந்தா மண்ணு, ஊரை விட்டுப் போனா பொன்னு. அது என்ன?"

நமக்கு இது லேசு. 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைந்த பிறகு, நம் கரையின் கறுப்பு மணல் கப்பலேறுவதைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. "இல்மனைட்!" என்று கத்துவோம். "பிழை" என்பா. "கட்டாருக்குப் போன மருமகன்!" மருமகன் லீவில் வந்து பக்கத்தில் குந்தியிருக்கும்போதுதான் இந்த நொடியை எடுப்பா.

இல்மனைட்டிலிருந்துதான் பெயின்டுக்குப் போடும் வெள்ளை நிறம் எடுக்கிறார்கள் என்று ஒருநாள் விளக்கினோம். தன் கையை நீட்டிப் பார்த்தா. "இவ்வளவு கறுப்புக்குள்ள வெள்ளை இருக்கா? அப்ப என்னையும் அடுத்த கப்பல்ல ஏத்துங்க" என்றா. கொஞ்ச நேரம் கழித்து, "வேணாம் புள்ள. பெயின்ட் உரிஞ்சி போகும். மணல் அப்படியே கிடக்கும்" என்றா.

இதெல்லாம் வீட்டுக்குள் நாங்கள் கண்ட உம்மம்மா. அவ மவுத்தான அன்று வந்த பெண்கள் சொல்லித்தான் மற்றப் பக்கம் முழுதாகத் தெரிந்தது.

அஸர் தொழுது முடித்தால் வெற்றிலை வட்டாவையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டு விடுவா. ஊர் சுற்றப் போகிறா என்றுதான் பிள்ளைகளாக இருந்த நாங்கள் நினைத்தோம். அவ போனது இத்தா வீடுகளுக்கு. கணவன் மவுத்தான பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும் என்பது சூரத்துல் பகராவில் வரும் கட்டளை. முதல் மூன்று நாளும் வளவு நிறைய ஆட்கள். ஏழாம் நாள் பந்தல் கழற்றி, வாடகைக் கதிரையும் போய்விடும். மிச்ச நாட்களை அந்தப் பெண் பெரும்பாலும் தனியாகத்தான் எண்ணுவா. உம்மம்மாவின் வேலை அந்த எட்டாம் நாளில் தொடங்கும்.

ஏன் என்று உம்மா ஒருமுறை கேட்டாவாம். உம்மம்மா விதவையானபோது வயது இருபத்தொன்பது. கையில் நாலு பிள்ளைகள். "வாறவங்களெல்லாம் அழுதுட்டுப் போவாங்க. அவங்க அழுகைக்கும் சேர்த்து நான்தான் தேத்தண்ணி ஊத்தணும்" என்றாவாம். பிறகு ஒரு கிழவி வந்து, பிள்ளைகளைப் பற்றி ஏதோ குறும்பாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறா. "சிரிச்சதும் வெட்கமாப் போச்சு. ஆனா அன்னைக்குத்தான் தொண்டையால சோறு இறங்கினது."

அந்தக் கிழவியின் வேலையை உம்மம்மா பொறுப்பெடுத்தா. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்த பிறகு கிழக்குக் கரை முழுக்க மவுத்து வீடுகள். அந்த நாட்களில் ஒரே அந்தியில் இரண்டு வீட்டுக்குப் போய் வருவா. போனவுடன் சிரிக்க வைக்க மாட்டா. முதலில் பாக்கு இடிப்பா. அந்தப் பெண் பேசினால் கேட்பா, அழுதால் அழ விடுவா. மூன்றாம் நாளோ நாலாம் நாளோதான் வட்டாவுக்குள்ளிருந்து முதல் நொடி வெளியில் வரும். பதிலை மட்டும் சொல்ல மாட்டா. "நாளைக்கு வந்து சொல்றன்" என்று எழும்பி விடுவா. அந்தப் பெண்களில் ஒருவர் ஜனாஸா வீட்டில் எங்களிடம் சொன்னா: "அந்தப் பதிலுக்காகத்தான் மகள், நான் அடுத்த நாள் விடியிறதப் பார்த்துக்கொண்டிருந்தது."

இத்தா வீட்டில் என்ன சிரிப்பு, வயது போன காலத்தில் தஸ்பீஹை எடுக்கக் கூடாதா என்று குறை சொன்னவர்களும் இருந்தார்கள். உம்மம்மா சண்டை பிடிக்க மாட்டா. ஒரு ஹதீஸைச் சொல்லுவா. இமாம் திர்மிதி அவர்கள் ஷமாயிலில் பதிந்தது. ஒரு மூதாட்டி நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்து, சுவர்க்கம் கிடைக்கத் துஆச் செய்யும்படி கேட்டா. கிழவிகள் சுவர்க்கம் போக மாட்டார்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள். அந்த அம்மா அழுதுகொண்டு திரும்பினா. அவ கிழவியாகப் போக மாட்டா, அல்லாஹ் அவர்களை இளமையாக்கித்தான் அனுப்புவான் என்று அவவிடம் சொல்லச் சொன்னார்கள். இதற்கு சூரத்துல் வாகிஆவின் வசனங்களே ஆதாரம். கதையை முடித்து உம்மம்மா சொல்லுவா: "கிழவியோட பகிடி விட ரசூலுல்லாக்கு நேரம் இருந்திச்சு. உங்களுக்கு இல்லையாக்கும்."

நம் ஊர் மவுத்து வீட்டுக்கு ஆட்கள் குறைந்த ஊர் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். கபுறு வெட்ட, சோறு கொடுக்க, கதிரை தூக்க இளைஞர்கள் ஓடி வருகிறார்கள். வட்ஸ்அப் குழுவில் ஐந்து நிமிடத்தில் நூறு துஆ விழுகிறது. ஆனால் இருபதாம் நாள், அறுபதாம் நாள், நூறாம் நாள்? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, அந்த அறையில் இருக்கும் தாயோடு பேச யார் போகிறோம்? உம்மம்மாவிடம் காசும் இல்லை, படிப்பும் இல்லை. ஒரு வட்டாவும் கொஞ்சம் பகிடியும்தான் இருந்தது.

இதை வாசிக்கும் ராத்தாமார், தங்கச்சிமாரிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் ஒழுங்கையில் இப்போது ஓர் இத்தா வீடு இருந்தால், இன்று அஸருக்குப் பிறகு ஒரு எட்டுப் போய் வாருங்கள். புத்தி சொல்ல வேண்டாம். பக்கத்தில் குந்துங்கள், பிறகு ஒரு நொடி போடுங்கள். பதிலை நாளைக்குச் சொல்லுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் உம்மம்மாவின் பிழைகளைப் பொறுத்து, கபுறை விசாலமாக்கி, அவ ஆசைப்பட்டபடியே இளம் பெண்ணாக ஜன்னத்துல் பிர்தௌஸில் நுழைவிப்பாயாக. ஆமீன்.