மூடிய முனை

செம்புக் குழாயின் ஒரு முனையை உருண்டையாக மூடுவது சின்ன வேலை போலத்தான் தெரியும். அது எத்தனை விதமாகக் கெடும் என்பது தாயத்து செய்கிறவனுக்குத் தெரியும். சுருக்கம் விழும், விளிம்பு வெடிக்கும், உள்ளே போனது அச்சைவிட்டு வராது.

ஸ்ரீரங்கத்தில், வடக்குச் சித்திரை வீதிப் பக்கம், ஒரு பத்தர் இதற்கென்று தானே அச்சுகள் செய்து வைத்திருந்தார். இரும்புத் துண்டில் குடைந்த குருட்டுத் துளைகள். வேலை கெட்டால் யாரும் முதலில் அச்சைத்தான் சந்தேகிப்பார்கள். அவர் குழலை விரலால் நெருடிப் பார்ப்பார். "அச்சு என்ன பண்ணும் தம்பி, செம்பு அலுத்துப் போச்சு."

செம்பு அடிபட அடிபட இறுகும். இறுகியதை மேலும் தள்ளினால் வெடிப்பு. நடுநடுவே தணலில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடவேண்டும். எஃகு இதனால் முறுகும், செம்பு இளகும். ஏறிய கறுப்பைப் புளி எடுத்துவிடும். சுருக்கம், ஒரே தள்ளில் மூடிவிட ஆசைப்பட்டதன் பலன். நீளவாட்டில் கீறல் விழுந்தால் மட்டும் குற்றம் அச்சுடையது. துளைக்குள் மெருகு போதவில்லை. விசித்திரமானது முனையில் விழும் பள்ளம். எண்ணெய் போதவில்லை என்று மேலும் தடவுவார்கள், பள்ளம் பெரிதாகும். துளையின் அடியில் சிக்கிய எண்ணெய்தான், போக வழியில்லாமல் செம்பை உள்ளே அழுத்துகிறது. (கவிதை எழுதுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.)

பட்டாளத்துக்குப் போகும் பிள்ளைகளுக்காக அவரிடம் தாயத்து வாங்கிப்போன தாய்மார்கள் உண்டு. ஒரு முனை மூடிய அதே செம்புக் குழல்தான் துப்பாக்கிக் குண்டின் மேலுறையும். திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை 1966இல் வந்தது. அமெரிக்காவில் குண்டுறையை வீட்டிலேயே செய்கிறார்கள். யுத்த காலத்தில், 1943இல், ஃப்ரெட் ஹண்டிங்டன் என்பவர் சுட்டுத் தீர்ந்த சிறு தோட்டாக் கூடுகளை உறையாக மாற்றும் அச்சுகள் செய்யத் தொடங்கினார். அங்கே அது பொழுதுபோக்கு. இங்கே உரிமமில்லாமல் செய்தால் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி சிறை.

உருவத்துக்குக் குணமில்லை, உள்ளே வைப்பதுதான் விஷயம் என்று வாதிக்கும் நண்பர்கள் இந்த இடத்தில் உற்சாகமடையக்கூடும்: தகடு வைத்தால் காப்பு, ஈயம் வைத்தால் சாவு. எனக்கு உடன்பாடில்லை. 1890களில் கல்கத்தாவை ஒட்டிய டம்டம் ஆயுதச் சாலையில் ஈயத்தை மாற்றவில்லை. உறையின் முனையைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். உடம்பில் பட்டதும் ஈயம் விரிந்து சதையைக் கிழித்தது. வடமேற்கு எல்லை மனிதர்களுக்கென்று யோசித்த உருவம் அது. 1899இல் ஹேக் பிரகடனம், உடம்புக்குள் எளிதில் விரியும் குண்டுகளை யுத்தத்தில் விலக்கியது. உறை முழுதாக மூடாத குண்டுகளை அதற்கு உதாரணமாகச் சொன்னது. கொல்வதை அது விலக்கவில்லை. முனை மூடியிருக்க வேண்டும் என்றது.

பிரிட்டன் அதில் சேர 1907 ஆயிற்று.