குரல் ஒருவர், கூச்சல் ஒருவர்

அஷர் குழைந்து பாடுகிறவர். காதல், பிரிவு, மன்னிப்பு என்று மெதுவாக உருகும் பாட்டுகள்தான் அவருக்கு இயல்பு. ஆனால் 2004-இல் ஊர் ஊராக ஆட வைத்த அவருடைய ‘யே!’ பாட்டில் என்னை முதலில் பிடித்தது அவர் குரல் இல்லை. கீச்சென்று திரும்பத் திரும்ப வரும் அந்த சின்தசைசர் துணுக்கும், அதன்மேல் விழும் தயாரிப்பாளர் லில் ஜானின் அதட்டலும்தான்.

எங்கள் விடுதியில் அந்தப் பாட்டு ஓடாத சனிக்கிழமை கிடையாது. கதை என்னவோ சின்னக் கதை. கிளப்பில் ஒருத்தி பாட்டின் நாயகனை ஆடக் கூப்பிடுகிறாள், அவளோ இவன் காதலியின் பழைய தோழி. அஷர் பாடும் வரிகள் எங்களில் எவனுக்கும் முழுசாக வராது. லில் ஜான் கத்தும் இடம் வந்தால் மட்டும் மாடி மொத்தமும் கத்தும். மெஸ்ஸில் தட்டு கழுவும் அண்ணன்கூட லில் ஜானின் ‘ஓகே’யைச் சரியான இடத்தில் போடுவார்.

அந்த ‘சரியான இடம்’ சும்மா அமைந்ததில்லை. அஷர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் சின்ன இடைவெளியில் லில் ஜான் விழுவார். வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போடுகிறவர் செய்யும் வேலைதான் அது. அவர் இல்லாவிட்டால் கதை நொண்டும்.

பாட்டு பிறந்த கதையும் சுவையானது. ‘கன்ஃபெஷன்ஸ்’ ஆல்பம் முடிந்துவிட்டது என்ற நிலையில், அரிஸ்டா இசை நிறுவனத்தின் அப்போதைய தலைவர் எல்.ஏ. ரீட் இன்னும் ஓர் அதிரடிப் பாட்டு வேண்டும் என்றார். அட்லாண்டாவின் ‘க்ரங்க்’ என்ற அதிரடி நடன இசைக்குப் பேர்போன லில் ஜானிடம் போனார்கள். அவர் கொடுத்த மெட்டின்மேல் பீட்டி பாப்லோ என்ற ராப்பர் ஏற்கெனவே பாடி முடித்திருந்தார், அது ‘ஃப்ரீக்-அ-லீக்’ ஆனது. லில் ஜான் அதே சாயலில் வேறொன்று செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே கை என்று தெரிந்துவிடும். நிறுவனமோ ‘பர்ன்’ என்ற மென்மையான பாட்டைத்தான் முதலில் விட நினைத்தது. பொறுக்காத லில் ஜான் ‘யே!’யை டிஜேக்களிடம் கசியவிட்டார். அப்புறம் யார் தடுக்க? அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் 12 வாரம் முதலிடம். அதை இறக்கிவிட்டு மேலே ஏறியது அந்த ‘பர்ன்’.

பாடகரோடு ராப்பரைச் சேர்ப்பது அப்போது புதிதில்லை. 1984-இலேயே சக்கா கான் பாட்டை மெல்லி மெல் ராப்போடு தொடங்கிவைத்தார். 1995-இல் மரையா கேரி, ஓல் டர்ட்டி பாஸ்டர்டைச் சேர்த்துக்கொண்டார். பிறகு அது வழக்கமாகி, வழக்கம் சலிப்பாகிவிட்டது. எத்தனையோ பாட்டுகளில் வானொலிக்காரர்கள் ராப் பகுதியை வெட்டிவிட்டுப் போடுவார்கள், ஒன்றும் குறையாது. ‘யே!’யில் ராப் பாடும் லுடாக்ரிஸை வெட்டிப் பாருங்கள்! அட்லாண்டாவில் வானொலி அறிவிப்பாளராக இருந்தவர். எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஒரு சொல்கூட மழுங்காது. பாட்டின் பிற்பகுதியில்தான் வருகிறார், வந்ததும் அஷரின் தயக்கத்தையெல்லாம் தூக்கியெறிந்துவிட்டுக் குறும்பு பேசுகிறார். (கொஞ்சம் ஆபாசமும்தான். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது ஒலியைக் குறைப்பது நல்லது.)

எனக்கு மிகப் பிடித்தது அவர் சும்மா சொல்லிப்போகும் ஓர் இடம்: தாளம் லில் ஜானுடையது, குரல் அஷருடையது, அடுக்குமொழி என்னுடையது என்று யார் யாருக்கு என்ன வேலை என்பதைப் பாட்டுக்குள்ளேயே பிரித்துக் கொடுத்துவிடுகிறார். விருந்தாளியாக வந்த ராப்பர் கணக்கை இவ்வளவு நேர்மையாக எழுதிவைத்த பாட்டு வேறு நான் கேட்டதில்லை.

2005-இல் ‘யே!’க்கு, ராப்பும் பாட்டும் இணைந்த படைப்புக்கான கிராமி விருது கிடைத்தது. 2024 பிப்ரவரியில், லாஸ் வேகஸில் நடந்த அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளை மேடையை அஷர் நிறைத்தார். அலிஷா கீஸ் வந்தார், சக்கரச் செருப்போடு ஆட்டம் நடந்தது, பழைய பாட்டெல்லாம் துண்டுதுண்டாக வந்தன. கடைசியாக ‘யே!’. அதைத் தனியாகப் பாட அவர் துணியவில்லை. லில் ஜானும் வந்தார், லுடாக்ரிஸும் வந்தார்.