எடை குறைந்த ரிவால்வரும் கனத்த விசையும்

துப்பாக்கியில் விரல் படும் விசைக்குப் பிரெஞ்சில் 'தெத்தாந்த்' என்று பெயர். ஆனால் பேச்சு வழக்கில் பலரும் 'காஷெத்' என்றே சொல்வார்கள். காஷெத் என்பது உண்மையில் உள்ளே மறைந்திருக்கும் சிறு கொக்கி. பின்னால் இழுபட்ட குதிரையைப் பிடித்து வைத்திருந்து, நேரம் வந்ததும் விடுவிப்பது அதன் வேலை. தெத்தாந்த் என்றால் இறுக்கம் தளர்தல். இரண்டு நாடுகளுக்கு நடுவே பகை தணிவதற்கும் பத்திரிகைகளில் அதே சொல்தான் வரும்.

அரசாங்க உத்தியோகத்தில் சில வருடங்கள் ஆயுத உரிமக் கோப்புகளைப் பார்த்து வந்தேன். உரிமம், புதுப்பித்தல், முகவரி மாற்றம், இதுதான் என் வேலை. துப்பாக்கியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் மச்சான். பிரெஞ்சு ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து, பென்ஷனோடு புதுவைக்குத் திரும்பிய சொல்தா அவர்.

எனக்குத் தெரிந்த நகைக்கடைக்காரர் ஒருவர் எழுபதை நெருங்கிய வயதில் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். முறையான உரிமத்தோடு ஒரு குறுங்குழல் ரிவால்வர் வைத்திருந்தார். கைக்கு அடக்கமானது, எடையும் குறைவு. "ஐயா, தூக்கினால் காகிதம் மாதிரி இருக்கிறது. விசையை இழுத்தால் கிணற்றில் நீர் இறைப்பது போல் இருக்கிறது. ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?" என்றார். முடக்குவாதத்தால் அவர் விரல் கணுக்கள் வீங்கியிருந்தன.

மச்சானிடம் கேட்டேன். "மாப்பிள்ளை, முதலில் கணக்கைப் பாருங்கள்" என்று ஆரம்பித்தார்.

இந்த வகைக்குப் பேர்போனது அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950-ல் கொண்டுவந்த ஐந்து தோட்டா 'சீஃப்ஸ் ஸ்பெஷல்'. இரண்டே ஆண்டில் அலுமினியக் கலப்பு உடலோடு 'ஏர்வெயிட்' வந்தது. இன்றைய ஏர்வெயிட்டுகள் ஏறக்குறைய 400 கிராம். ஆனால் விசையை இழுக்கச் சாதாரணமாக ஐந்து கிலோவுக்கு மேல் பலம் வேண்டும். பொருளின் எடையைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் அதிகமான பலத்தை ஒரே விரல் அதன்மேல் செலுத்துகிறது. கனமான துப்பாக்கி தன் எடையாலேயே கொஞ்சம் அசையாமல் நிற்கும். இதற்கு அந்த எடை இல்லை. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் 7 மீட்டர் தூரத்தில் குண்டு 7 சென்டிமீட்டர் விலகிவிடும்.

விசை ஏன் கனக்கிறது? அந்த ஒரே இழுப்பில் பல வேலைகள் நடக்கின்றன. பெரிய ஸ்பிரிங்கை அமுக்கிக் குதிரை பின்னால் போகிறது. சிலிண்டர் ஒரு தோட்டா அளவு சுழன்று பூட்டிக்கொள்கிறது. விசையைப் பழைய இடத்துக்குத் தள்ளும் இன்னொரு ஸ்பிரிங்கும் அமுங்குகிறது. கடைசியில் குதிரை விடுபட்டுத் தோட்டாவின் பின்னால் உள்ள கேப்பில் அடிக்கிறது. சிறிய உடலில் நெம்புகோலுக்கு நீளம் கிடையாது. அதனால் ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

பெரிய ஸ்பிரிங்கை வெட்டினால் விசை இலேசாகும், அடியும் இலேசாகும். கேப்பில் பள்ளம் விழும், தோட்டா வெடிக்காது. தள்ளும் ஸ்பிரிங்கை வெட்டினால் விசை சோம்பலாகத் திரும்பும், அடுத்த இழுப்பு நடுவழியில் நிற்கும். ஆபத்துக்கு என்று வாங்கிய பொருள் ஆபத்து நேரத்தில் கைவிடும்.

"கனத்தைக் குறைப்பது வேறு, கரகரப்பைக் குறைப்பது வேறு" என்றார் மச்சான். தேர்ந்த கைவினைஞர் முதலில் பழைய மசகையும் அழுக்கையும் துடைப்பார். உராயும் பக்கங்களில் உள்ள பிசிறுகளை நுண்ணிய கல்லால் நீவுவார். கோணத்தை மாற்ற மாட்டார், காஷெத் கொக்கியைத் தொடவே மாட்டார். ஸ்பிரிங் மாற்றுவதானால் அதற்கென்றே செய்ததைப் போட்டு, வழக்கமான தோட்டாக்களைச் சுட்டு, ஒன்றுகூடப் பொய்க்கவில்லை என்று பார்த்த பிறகுதான் கொடுப்பார். அப்போது எடை கொஞ்சம்தான் குறையும். ஆனால் இழுப்பு தடங்கலில்லாமல் ஒரே சீராக வரும், கையும் நடுங்காது.

நல்ல நிறுவனங்களும் அந்த வழியில்தான் போயின. முலூஸ் நகரத்து மனுரின் நிறுவனம், எம்.ஆர்.73 ரிவால்வரில் விசையைத் திருப்பும் இடத்தில் சிறிய ரோலர் வைத்து உராய்வைக் குறைத்தது. அது எஃகு உடல் கொண்ட கனமான ரிவால்வர். 2009-ல் அமெரிக்காவின் ரூகர், நானூறு கிராமுக்கும் குறைவான எல்.சி.ஆரில், உராய்வு குறையும்படி உள்பாகங்களின் வளைவையே மாற்றி அமைத்தது.

டைப்ரைட்டரில் காலம் தள்ளிய நமக்கு இது புதிதல்ல. சாவி மிக இலேசாக இருந்தால் விரல் பட்டதும் எழுத்து விழும். கனத்தால் விரல் நோகும். எண்ணெய் போட்டுச் சுத்தம் செய்தால் அதே சாவி பழகிய மாடு போல் வேலை செய்யும். அமெரிக்காவில் முதலில் டைப்ரைட்டரை விற்பனைக்குச் செய்த ரெமிங்டன் நிறுவனமே துப்பாக்கிக் கம்பெனிதான்!

நகைக்கடைக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். கோப்பு பார்த்தவன் என்ற முறையில் சட்டத்தையும் சொன்னேன். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ கூடாது. தெரிந்த பட்டறைக்காரர் என்று கொடுத்தால் இரண்டு பேருக்குமே வம்பு.

மச்சான் சொன்ன இன்னொரு விஷயம்தான் அவரைச் சற்று யோசிக்க வைத்தது. இந்த ரிவால்வர்களில் பெரும்பாலும் தனியாகப் பூட்டும் பொத்தான் கிடையாது. கனத்த விசைதான் அதன் காவல். பெரியவரின் வீங்கிய விரலுக்கு இடைஞ்சலான அந்தக் கனம்தான், பேரப்பிள்ளையின் பிஞ்சு விரலுக்கும் ஓரளவாவது தடையாக இருக்கிறது. அவர் வீட்டில் ஐந்து வயதுப் பேரன் ஒருவன் இருந்தான்.

கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "விசையை இலேசாக்கினால் எனக்கும் அவனுக்கும் ஒரே மாதிரி இலேசாகிவிடும் என்கிறீர்கள்" என்றார். இரண்டு வாரத்தில் உரிமம் பெற்ற வியாபாரியிடம் ரிவால்வரை ஒப்படைத்தார், உரிமத்தையும் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பணத்தில் கடைக்கு நல்ல ஷட்டரும் காமிராவும் போட்டார். அப்பா வாங்கியதாம் அந்த ரிவால்வர். கொடுத்துவிட்டு வந்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று அவர் மனைவி பின்னர் சொன்னார்கள்.

வயதாக ஆக எல்லாவற்றையும் நம் விரலுக்கு ஏற்ற மாதிரி இலேசாக்கிக்கொள்ளத் தோன்றுகிறது. மாடிப்படி, மருந்து டப்பாவின் மூடி, பாங்கு வேலை, எல்லாம் எளிதாக வேண்டும். பலவற்றில் அது நியாயமே. ஆனால் சில பொருள்கள் கனமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவற்றுக்கு நம் கையில் பலம் இல்லை என்றால், பலம் உள்ள கைக்கு மாற்றிவிடுவதே கௌரவம்.