சீனியைப் பல்லிடுக்கில் வைத்து

அராரத் மலையைப் படமெடுக்கப் போகிறவர்கள் தங்கும் ஊர் தோவுபயாஸித். ஊரை யாரும் படமெடுப்பதில்லை. துருக்கியின் கிழக்கு மூலை, ஈரான் எல்லைக்கு 35 கிலோமீட்டர் இப்பால். ஐரோப்பாவிலிருந்து தரைவழியே காத்மாண்டுவுக்குப் போன ஹிப்பிகளின் பஸ்கள் ஒருகாலத்தில் இதன் வழியாகத்தான் போயின. பெயர் வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பயணிகள் 'டாகி பிஸ்கட்' என்று கூப்பிடுவார்கள். ஊர்க்காரர்களுக்கு அது தெரியும். யாரும் கோபித்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை.

நான் போனது 2003 கோடையில், வான் ஏரிப் பக்கமிருந்து. தெண்டூரெக் எரிமலை எப்போதோ கக்கியது சாலையோரம் கறுப்பாக உறைந்து கிடக்கும் வழி அது. இடையில் சோதனைச் சாவடி. சிப்பாய் ஒருவன் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, ஃபிலிம் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் காதருகே குலுக்கிப் பார்த்தான். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் பஸ் ஏறிப் பழகியவனுக்கு, துவக்கின் முன்னால் பையைத் திறந்து காட்டுவது புதிதல்ல. முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் தெரியும்.

மலையின் உயரம் 5,137 மீட்டர். காலையில் முழுசாகத் தெரியும். வெயில் ஏறினால் மேகம் வந்து உச்சியில் குந்திவிடும், பெரும்பாலும் மாலைவரை எழும்பாது. ஆகவே மலைக்காக வந்தவனுக்கு விடியற்காலை ஒன்றுதான் வேலை நேரம். மிச்சப் பொழுதெல்லாம் ஊருக்கு. அந்த மிச்சப் பொழுதுதான் இத்தனை வருடமாக என்னை விடாமல் இழுக்கிறது.

மரமில்லாத சமவெளி. எல்லைக்குப் போகும் லாரிகள் கிளப்பிய புழுதி அடங்குமுன் அடுத்த வரிசை வந்துவிடும். கடைத்தெருவில் ஈரானியத் தெர்மோஸ், பிளாஸ்டிக் வாளி, டயர். கொளுத்தும் வெயிலிலும் கோட்டுப் போட்ட ஆண்கள். எங்கோ உள்ளே, கல்லின்மேல் இறைச்சியை வைத்து மரக்கட்டையால் அடிக்கிற சத்தம்: அப்திகோர் என்ற கொஃப்தாவுக்கு. நார் முழுக்கப் போகும்வரை அடித்து, உருண்டை பிடித்து, எண்ணெய் காட்டாமல் வேகவைத்துச் சோற்றோடு தருவார்கள். ஊருக்கு மேலே நிற்கும் இஸ்ஹாக் பாஷா அரண்மனையை 1685-ல் கட்டத் தொடங்கிய அப்தி பாஷாவுக்கு வயிறு சரியில்லாததால் பிறந்த பண்டம் என்று கதை. அரண்மனை முடிந்தது 1784-ல். அதை நானும்தான் எடுத்தேன். 2005-ல் துருக்கி தன் பணத்தில் ஆறு பூச்சியங்களை வெட்டியபோது, புதிய நூறு லீரா நோட்டின் பின்பக்கத்தில் அதே அரண்மனை வந்தது. அதைவிட நன்றாக நான் எடுத்துவிடவில்லை.

ஊரின் வீடுகளுக்குத் தற்காலிகக் குடியிருப்புப் போல ஒரு சாயல். காரணம் இருக்கிறது. பழைய பயாஸித் மேலே, அரண்மனையை ஒட்டிய சரிவில் இருந்தது. 1930-ல் அராரத் குர்துக் கிளர்ச்சியை அரசு ஒடுக்கிய பிறகு, அந்த இடம் கைவிடப்பட்டு ஊர் சமவெளிக்கு இறங்கியது. கிழவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெற்றுச் சரிவில் ஓரிடத்தைச் சுட்டினார். வீடு என்று கைகளால் கூரை கட்டிக் காட்டினார். நெடுநேரம் பார்த்தேன், கல்தான் தெரிந்தது. அங்கேயும் ஒரு படம் எடுத்தேன், அவர் திருப்திக்காக.

படத்தை நம்பி ஒரு சுற்றுலாவே நடக்கிற இடமும் பக்கத்தில் உண்டு. 1959-ல் துருக்கி ராணுவத்தின் வரைபட அதிகாரி இல்ஹான் துருப்பினார் வான்படங்களை ஆராயும்போது, மண்ணில் கப்பல் வடிவம் ஒன்றைக் கண்டார். அடுத்த ஆண்டு 'லைஃப்' இதழ் படத்தை அச்சிட்டது. நோவாவின் பேழை கிடைத்துவிட்டது என்று ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அது இயற்கையாக அமைந்த மண்மேடு என்று நிலவியலாளர்கள் சொல்லிப் பார்த்தார்கள். யார் கேட்பது? தரையில் நின்று பார்த்தால் அப்படியொன்றும் இல்லை. என் தொழிலில் உயரம் செய்யும் வேலை அது.

தேநீர்க் கடைக்கு வருகிறேன். கடைக்காரர் ஒரு பாக்கெட்டை எடுத்து, இது ரிஸே தேயிலை அல்ல, கள்ளத்தனமாக எல்லை தாண்டி வந்தது என்று பெருமையோடு சைகை காட்டினார். துருக்கியின் சொந்தத் தேயிலை கருங்கடல் கரையோரம் விளைகிறது. கிழக்கில் அதை அவ்வளவாக மதிப்பதில்லை. பாக்கெட்டைத் திருப்பினேன். வாளேந்திய சிங்கம். இலங்கைத் தேயிலைச் சபையின் முத்திரை. என் நெஞ்சைத் தொட்டு "ஸ்ரீலங்கா" என்றேன். விளங்கவில்லை. "சிலோன்" என்றேன். "செய்லான்!" என்று கடையே எழுந்தது. டொமினோ மாதிரிக் கட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தவர்களும் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்தார்கள்.

அம்மா கொழுந்து பறித்தவள் என்பதை எப்படிச் சொல்வது? காற்றில் இரண்டு இலை ஒரு மொட்டுக் கிள்ளி, முதுகுக் கூடைக்குள் எறிந்து காட்டினேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிறகு அந்தக் கடையில் என் காசு செல்லுபடியாகவில்லை. ஒரு கிளாஸ் அப்போது லட்சக்கணக்கான லீரா. கேட்கப் பயமாக இருக்குமே தவிர, சில்லறைதான்.

அங்கே சீனியைத் தேநீரில் போடுவதில்லை. கல் மாதிரிக் கெட்டியான துண்டைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்சுவார்கள். லயத்தில் நாங்கள் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்தவர்கள்தானே. எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தது மிச்சத் தூள். எங்கள் மலையின் நல்ல இலையை நான் முதன்முதலாகக் குடித்தது, அதுவும் கள்ளக்கடத்தலில் வந்ததை, இன்னொரு மலையின் அடிவாரத்தில்.

அந்த ஊரில் எடுத்த நெகட்டிவ்கள் பலவற்றில் நீளவாக்கில் ஒரு கோடு ஓடும். ஃபிலிம் மாற்றக் காமிராவின் முதுகைத் திறந்த நேரத்தில் புழுதித் துகள் ஒன்று உள்ளே போய்ச் சுருள் முழுக்கக் கிழித்திருக்கிறது. வண்ண ஃபிலிமாக இருந்தால் ஸ்கேனர் அகச்சிவப்பில் கண்டுபிடித்துக் கீறலைத் துடைத்துவிடும். கறுப்பு வெள்ளையில் அந்த வித்தை பலிக்காது. படமே வெள்ளித் துகளால் ஆனது, அதையும் அழுக்கு என்றே எடுத்துக்கொள்ளும். கணினியில் கையால் அழித்துத் தருகிறேன் என்றான் ஸ்டூடியோத் தம்பி. வேண்டாம் என்றேன். கடைக்காரருக்கு அனுப்பிய ப்ரிண்டிலும் கோடு நெற்றியைக் கடந்துதான் போனது.

தேயிலைக்கு எனக்கு இப்போது குறைவில்லை. சீனிதான் பிரச்சினை. இங்கே விற்கும் கட்டி, முதல் மிடறிலேயே கரைந்து ஓடிவிடுகிறது. அங்கே ஒரு துண்டு முழு கிளாஸுக்கும் தாக்குப்பிடிக்கும். அந்தச் சீனி கிடைக்கும் எர்சுரும் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஒரு கிலோ போதும், பணம் முன்கூட்டியே தந்துவிடுகிறேன்.