மயில்கழுத்துக்கு ஒரு கார்டு

தேசூர், நவம்பர் 4, 2025, செவ்வாய்

ஆரணிக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் டிசைன் அனுப்பினேன். "கட்டினா எப்படி இருக்கும்னு தெரியலையே தம்பி" என்கிறார். அவர் கேட்பது நியாயம். நான் அனுப்புவது தட்டையான படம். பார்டர், புட்டா, முந்தி எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும், பட்டு தெரியாது. அதிலும் இந்த முறை கேட்டிருப்பது மயில்கழுத்து. பாவு நீலம், ஊடை பச்சை. பாவு நூலில் பட்ட வெளிச்சம் ஒரு பக்கம் திரும்பும், ஊடை நூலில் பட்டது இன்னொரு பக்கம் திரும்பும். கண் இருக்கும் இடத்தைப் பொறுத்து ஒரு நிறம் ஓங்கும். அதை எந்த ஒற்றை நிறத்தைக் கொட்டிக் காட்டுவது?

தறியில் ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்தான். ஆனால் அதற்குச் சாயம் போட வேண்டும், அட்டை அடிக்க வேண்டும், பாவு பிணைத்துக் கொஞ்சம் நெய்தாக வேண்டும். பிடிக்கவில்லை என்றால் நெசவாளரின் அத்தனை நாளும் வீண். அந்த நாட்களுக்குக் கூலி கொடுப்பவர் யாருமில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

நெய்வதற்கு முன்பே சேலையைக் கட்டியதுபோலக் காட்ட பிளெண்டர் இருக்கிறது, இலவசம். என் கம்ப்யூட்டரில்தான் திறக்க மறுக்கிறது. 2023 நவம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து அதற்கு ஓப்பன்ஜிஎல் 4.3 வேண்டும். என்னிடம் இருப்பது 2012-இல் வந்த ஐ5-3470. அதற்குள் இருக்கும் எச்டி 2500 கிராபிக்ஸ் 4.0-உடன் நின்றுவிட்டது.

நவம்பர் 6, வியாழன்

பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன். பிளெண்டர் திறக்கத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அதைத் தேடும் முன் பார்க்க வேண்டியது, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு என்பது என் முடிவு. 275 வாட். கார்டுக்கென்று தனி மின் ஒயர் இல்லை. ஆகவே கார்டு முழுக்க ஸ்லாட்டை நம்பித்தான் ஓட வேண்டும். ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். பிராசசருக்கு 77 வாட், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்தாலும் இடம் இருக்கிறது. ஆனால் 75-ஐத் தாண்டும் எந்தக் கார்டும் நமக்கில்லை. கடையில் அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பகுதி இந்த ஒரு கணக்கிலேயே கழிந்துவிடும்.

தறிக்கார அண்ணன் எட்டிப் பார்த்தார். "பெட்டி பழசாச்சே தம்பி, புதுசு தாங்குமா?" தாங்கக்கூடியதாகப் பார்த்து வாங்கினால் தாங்கும் என்றேன்.

நவம்பர் 8, சனி

வந்தவாசி போய் அங்கிருந்து சென்னை, ரிச்சி தெரு. முதல் கடையில் எடுத்து நீட்டியது ஜிடி 730. "நாலு ஜிபி சார்." நாலு ஜிபி சரிதான், ஆனால் அது டிடிஆர்3. நொடிக்கு 14.4 ஜிபிதான் நகர்த்தும். பழைய 1050 டிஐ-யும் நாலு ஜிபிதான், அது 112 ஜிபி நகர்த்தும். கொள்ளளவை மட்டும் சொல்லி விற்கிறார்கள். வேகம் தெரியாமல் வாங்குபவர்கள் பாவம்.

அந்த 1050 டிஐ செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தது, மனசு அங்கேயே நின்றது. 2016-இல் வந்தது, 75 வாட், தனி ஒயர் வேண்டாம். பழைய பெட்டிக்காரர்கள் இத்தனை வருடமாக அதையே தேடி வாங்கியது சும்மா இல்லை. ஆனால் என்விடியா அந்தத் தலைமுறைக்கு வழக்கமான டிரைவர்களைப் போன மாதத்தோடு நிறுத்திவிட்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும், 2028 வரை. அதைவிட முக்கியமாக, ஒளிக்கதிர் எந்தப் பரப்பில் போய் முட்டுகிறது என்று கணக்கிடும் ஆர்டி கோர் அதில் கிடையாது. மயில்கழுத்துக்கு நான் கேட்பதே அந்தக் கணக்குத்தான்.

ஆர்எக்ஸ் 6400-க்கு 53 வாட் போதும், ஆனால் ஸ்லாட்டின் 16 தடங்களில் நாலைத்தான் பயன்படுத்தும். என் பழைய போர்டில் அது இன்னும் குறுகல். நினைவகமும் நாலு ஜிபி.

மிஞ்சியது ஆர்டிஎக்ஸ் 3050. இதில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதே பெயரில் 8 ஜிபி ஒன்று இருக்கிறது, 130 வாட், தனி ஒயர் கேட்கும். 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி-தான் 70 வாட்டில் ஸ்லாட்டிலேயே ஓடுவது. அதிலும் சில கம்பெனிகள் ஒயர் சொருகும் இடம் வைத்திருக்கக்கூடும் என்று பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லிப் பார்த்துதான் பணம் கொடுத்தேன். கூடவே பழைய டிடிஆர்3 ராம் வாங்கி 16 ஜிபி ஆக்கிக்கொண்டேன். என் மானிட்டரில் விஜிஏ மட்டும்தான், புதுக் கார்டில் அது இருக்காது. அதற்கொரு கன்வெர்ட்டர்.

நவம்பர் 11, செவ்வாய்

பயாஸைப் புதுப்பித்துவிட்டுப் பொருத்தினேன். படம் வந்தது. விண்டோஸ் 10-க்கு அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது, 11 இந்தப் பிராசசரை ஏற்காது. அடுத்த அக்டோபர் வரை நீட்டித்துத் தரும் திருத்தங்களில் பதிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகு பிளெண்டருக்கு லினக்ஸ்தான்.

நவம்பர் 13, வியாழன்

பாவையும் ஊடையையும் தனித்தனிப் பரப்பாக வைத்து, பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறம் மாறும்படி அமைத்தேன். கொசுவத்தில் பச்சை எழுந்தது, தோளில் நீலம் நின்றது. ஜரிகை கொஞ்சம் பித்தளை மாதிரி இருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டும்.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "பச்சை தூக்கலா இருக்கு தம்பி. நம்ம பட்டுல ஊடை இவ்ளோ மேல வராது. பச்சையை ஒரு சாயல் இறக்கிப் போடச் சொல்லு, நீலம் நிக்கும்." நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். இதுவரை இந்த வார்த்தையை அவர் நெய்த பிறகுதான் சொல்ல முடிந்தது, அப்போது அதைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

சாயக்காரருக்குப் போன் செய்து ஊடை நூலை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். நாளை பச்சையைக் குறைத்து இன்னொரு படம். அண்ணன் சரி என்ற பிறகுதான் அது ஆரணிக்குப் போகும்.